பழைய ஜெர்மானிய மொழிகளில் பெயரடை விகுதியைப் பிரித்தெடுப்பது எப்படி

தமிழ் பைபிளில் 2 தீமோத்தேயு 2:20ஐத் திறந்தால் ‘பொன்னும் வெள்ளியுமான பாத்திரங்கள்’ என்று இருக்கும். கடைசியில் வரும் ஒரே ஓர் ‘ஆன’, முன்னால் நிற்கும் இரண்டு பெயர்களையும் பெயரடையாக்கிவிடுகிறது. 4ஆம் நூற்றாண்டில் வுல்ஃபிலா என்ற ஆயர் கோதிக்கில் (இன்று வழக்கொழிந்த ஒரு பழைய ஜெர்மானிய மொழி) செய்த மொழிபெயர்ப்பில் அதே இடம் இப்படிப் போகிறது: ‘கஸ குல்தீன யஹ் ஸிலுப்ரீன, அக் யஹ் ட்ரிவீன யஹ் டிகன’. ‘கஸ’ என்றால் பாத்திரங்கள். பொன்னாலான, வெள்ளியாலான, மரத்தாலான, மண்ணாலான என்று நான்கு பெயரடைகள் பின்தொடர்கின்றன. இங்கே விகுதி ஒவ்வொரு சொல்லிலும் தனித்தனியே ஒட்டியிருக்கிறது. முதல் மூன்றிலும் ‘ஈன்’ இருக்கிறது, நான்காவதில் இல்லை. அது ஏன் என்பதைக் கொஞ்சம் தள்ளிப் பார்ப்போம்.

விகுதிகளின் பட்டியலை மனப்பாடம் செய்துவிட்டு நூலைத் திறப்பவர்கள் சீக்கிரமே திணறுவார்கள். பழைய ஆங்கிலத்தில் விகுதிகளின் உயிரெழுத்துகள் தேய்ந்து ஒன்றுபோல் ஆகிவிட்டன. ஆனால் தேய்வதற்கு முன் அவை அடிச்சொல்லின் உயிரில் ஒரு தடம் பதித்துவிட்டுப் போயிருக்கின்றன. அந்தத் தடத்தைப் படிக்கப் பழகுவதுதான் இந்த வழிகாட்டியின் நோக்கம்.

தயாரிப்பு

ஒரு நோட்டில் நான்கு பத்தி போடுங்கள்: கோதிக், பழைய உயர்ஜெர்மன் (இன்றைய ஜெர்மனின் மூதாதை), பழைய ஆங்கிலம், பழைய நார்ஸ் (ஐஸ்லாந்து, நார்வே பக்கத்துப் பழைய மொழி). இந்த வரிசைக்குக் காரணம் உண்டு. விகுதியின் உயிர் கோதிக்கில் முழுசாக நிற்கிறது. பழைய உயர்ஜெர்மனில் (சுமார் 750 முதல் 1050 வரை) பெரும்பாலும் நிற்கிறது. பழைய ஆங்கிலத்தில் விகுதி தேய்ந்து, தடம் மட்டும் மிஞ்சியது. நார்ஸ் நூல்கள் நம் கைக்கு வருவது பெரும்பாலும் 12, 13ஆம் நூற்றாண்டு ஏடுகளில். அங்கே உயிர்கள் பலவும் உதிர்ந்தே போயின.

கோதிக் என்றதும் எல்லோரும் ஸ்வீடனின் உப்சாலாவில் இருக்கும் வெள்ளி ஏட்டை (கோடெக்ஸ் அர்ஜென்டியஸ்) சொல்வார்கள். அதில் நற்செய்திகள் மட்டுமே உண்டு. மேலே காட்டிய தீமோத்தேயு வரி போன்ற நிருபங்கள் மிலான் நகரின் அம்ப்ரோசிய நூலக ஏடுகளில் கிடைத்தவை. ஒரு சொல் வெள்ளி ஏட்டில் இல்லை என்பதற்காகக் கோதிக்கிலேயே இல்லை என்று எழுதிவிடாதீர்கள்.

தமிழெழுத்தில் குறிப்பெடுப்பதில் ஒரு வசதியும் ஒரு வில்லங்கமும் இருக்கின்றன. எ, ஏ, ஒ, ஓ என்று குறில் நெடில் தனித்தனியே இருப்பது பெரிய வசதி. வில்லங்கம், ‘க்’ ஒன்றே k, g என்ற இரண்டு ஒலிகளுக்கும், ‘ட்’ ஒன்றே t, d என்ற இரண்டு ஒலிகளுக்கும் நிற்பது. அதனால் நோட்டில் ரோமன் எழுத்தையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கட்டுரையில் ‘த்’ என்பது பல்லிடை ஒலி (ஆங்கில thin சொல்லின் th). பழைய ஆங்கிலச் சொற்களில் ‘ஏ’ என்று வருவது பல இடங்களில் ஆவுக்கும் ஏவுக்கும் இடைப்பட்ட ஒலி. ‘யு’ என்பது இதழைக் குவித்துக்கொண்டு ‘இ’ சொன்னால் வருவது. அகராதிகளில் உடுக்குறி (*) போட்டிருந்தால் அது எந்த ஏட்டிலும் இல்லாத, ஒப்பிட்டு மீட்டமைத்த வடிவம்.

படி 1: வேற்றுமை ஈற்றைக் கழற்றுங்கள்

புதியவர்கள் செய்யும் முதல் தவறு, சொல்லின் கடைசி எழுத்தை விகுதி என்று நினைப்பது. ஜெர்மானியப் பெயரடை தான் தழுவும் பெயரின் பால், எண், வேற்றுமைக்கு ஏற்ப ஈறு மாறும். அகராதித் தலைச்சொல்லில் கோதிக்குக்கு ‘ஸ்’ (குல்தீன்ஸ்), நார்ஸுக்கு ‘ர்’ (ஹைலகர்) வரும். மற்ற இரண்டிலும் ஈறே இருக்காது. இவற்றை எடுத்த பிறகு மிஞ்சுவதில்தான் விகுதி இருக்கிறது.

2 கொரிந்தியர் 3:3இல் கற்பலகையைக் குறிக்க ‘ஸ்பில்டோம் ஸ்டைனீனைம்’ என்று வருகிறது. ‘ஐம்’ பன்மை வேற்றுமை ஈறு. அதைக் கழற்றினால் ‘ஸ்டைனீன்’. அதில் ‘ஸ்டைன்’ கல், ‘ஈன்’ விகுதி. அதே வசனத்தில் சதையான பலகைக்கு ‘லீகீனைம்’. இதைப் பிரித்தால் லீக், ஈன், ஐம். ‘லீக்’ என்றால் உடல். இந்தச் சொல்லை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கீழே வேறு வேஷத்தில் வரும்.

நார்ஸில் ஒரு சிக்கல். ‘ன்’, ‘ல்’ ஆகியவற்றை அடுத்து வரும் ‘ர்’ அவற்றோடு கரைந்து இரட்டிக்கும். பொன்னாலான என்பதற்கு ‘குல்லின்ன்’ என்று இருந்தால் கடைசி ‘ன்’ வேற்றுமை ஈறு, விகுதி ‘இன்’ மட்டுமே.

பழைய ஆங்கிலத்தில் சிக்கல் வேறு மாதிரி. அடிச்சொல் நெடிலாக இருந்து ஈறும் சேர்ந்தால், விகுதியின் உயிர் நடுவில் விழுந்துவிடும். புனிதமான என்ற ‘ஹாலிக்’, ஈறு ஏற்கும்போது ‘ஹால்கன்’ ஆகும். இதை அகராதியில் ‘ஹால்க்’ என்று தேடினால் பெயரடை கிடைக்காது. இரண்டு மெய்கள் நெருக்கிக்கொண்டு நின்றால் நடுவில் ஓர் ‘இ’யைப் போட்டுத் தேடிப் பாருங்கள். (ஹாலோவீன் என்ற பெயரில் இருக்கும் ‘ஹாலோ’ இப்படி உயிர் விழுந்த ‘ஹால்கா’விலிருந்து வந்தது; ‘ஹோலி’ விழாத வடிவிலிருந்து வந்தது. இரண்டும் ஒரே சொல்.) நார்ஸிலும் ‘ஹைலகர்’ பன்மையில் ‘ஹெல்கிர்’ ஆகிறது. ஹெல்கா என்ற பெண்பெயர் அந்தப் பக்கத்துச் சரக்கு.

படி 2: மிஞ்சியது பெயரா, வினையா?

விகுதியை எடுத்தபின் நிற்கும் அடிச்சொல்லை அகராதியில் பாருங்கள். ‘ஈன்’, ‘இஸ்க்’ இரண்டும் பெயர்ச்சொல்லில் ஏறும். பழைய ஆங்கில ‘ஒல்’ பெரும்பாலும் வினையில் ஏறி, ஒன்றையே செய்துகொண்டிருக்கும் இயல்பைக் காட்டும்: ஸ்ப்ரெகொல் (வாயாடியான), எடொல் (பெருந்தீனி தின்னும்), ஸ்விகொல் (ஏமாற்றும்). கோதிக் ‘ஸகுல்ஸ்’ (சண்டைக்கார) இதே குடும்பம்.

இப்போது நாம் தள்ளிவைத்த ‘டிகன’வுக்கு வருவோம். இதில் ‘அ’ வேற்றுமை ஈறு. மிஞ்சும் ‘டிகன்’, பிசைதல் என்ற ‘டீகன்’ வினையின் இறந்தகாலப் பெயரெச்சம். ‘பிசைந்து செய்த’ என்பதே நேர்ப்பொருள். மண் என்ற பெயரில் ‘ஈன்’ ஏறிய சொல் அன்று. மொழிபெயர்த்தவர் நாலாவது பொருளுக்கு வினையைப் பிடித்துக்கொண்டார், அவ்வளவுதான். கோதிக்கில் ‘ஈன்’, ‘அன்’ என்று வேறுபாடு கண்ணுக்குத் தெரிகிறது. பழைய ஆங்கிலத்தில் இரண்டும் ‘என்’ என்றே முடியும். அங்கே எப்படிப் பிரிப்பது?

படி 3: அடிச்சொல்லின் உயிரைப் பாருங்கள்

இதுதான் முக்கியமான படி. பின்னால் ‘இ’ அல்லது ‘ஈ’ வந்தால், முன்னால் இருந்த உயிர் வாயின் முன்பக்கம் நகர்ந்துவிடும். இதற்கு ஜெர்மன் இலக்கணக்காரர்கள் வைத்த பெயர் ஊம்லவுட். இகர உயிர்மாற்றம் என்று சொல்லிக்கொள்வோம். கோதிக்கில் இது தெரியாது. மற்ற மூன்றிலும் உண்டு. பழைய ஆங்கிலத்தில் விகுதியின் ஈகாரம் தேய்ந்து எகரமான பிறகும் அது செய்த மாற்றம் அப்படியே நின்றது:

ஸ்டான் (கல்) → ஸ்டேனென்
காட் (ஆடு) → கேடென்
வுல்ல் (கம்பளி) → வ்யுல்லென்
ஹொர்ன் (கொம்பு) → ஹ்யுர்னென்
கொல்ட் (பொன்) → க்யுல்டென்

பெயரெச்சத்தின் ‘என்’ முன்பு ‘அன்’ ஆக இருந்தது, அதனால் அங்கே உயிர் மாறவில்லை: பொரென் (சுமந்த), ஹொல்பென் (உதவிய). ஆக, ‘என்’ என்று முடியும் சொல்லில் அடிச்சொல்லின் உயிர் மாறியிருந்தால் பொருளால் ஆன பெயரடை என்று ஊகிக்கலாம்.

மேலே இருப்பதில் கடைசி இரண்டும் ஒரு கேள்வியைக் கிளப்ப வேண்டும். ஒகரம் மாறினால் யு எப்படி வரும்? இங்கே இரண்டு மாற்றங்கள் அடுத்தடுத்து நடந்திருக்கின்றன. மூலச் சொல்லில் இருந்தது உகரம், கோதிக் ‘குல்த்’ அதைக் காட்டுகிறது. தனிப்பெயரில் பின்னால் அகரம் இருந்ததால் உகரம் தாழ்ந்து ‘கொல்ட்’ ஆயிற்று. பெயரடையில் பின்னால் ஈகாரம் இருந்ததால் உகரம் தாழவில்லை. பிற்பாடு அந்த உகரம்தான் யு ஆனது. ‘கொல்ட்’டை எடுத்து அதிலிருந்து ‘க்யுல்டென்’ செய்தார்கள் என்று கணக்குப் போட்டால் விடை தப்பாகும். இரண்டும் ஒரே வேரிலிருந்து தனித்தனியே வளர்ந்தவை.

இன்றைய ஆங்கிலத்தை வைத்து இதைச் சோதிக்கப் பார்க்காதீர்கள். ‘கோல்டன்’ என்பது பிற்காலத்தில் ‘கோல்ட்’ மீது மறுபடி கட்டிய சொல். பழைய உயிர் ‘முலாம் பூசு’ என்ற பொருளில் வரும் ‘கில்ட்’ வினையில் ஒளிந்திருக்கிறது.

உயிர் மாறவில்லை என்பது எப்போதும் சாட்சியாகாது. தகரம் என்ற ‘டின்’னிலிருந்து வரும் ‘டினென்’ மாறாமல் நிற்கக் காரணம், இகரம் ஏற்கெனவே முன்னுயிர். அது போக இடமில்லை.

படி 4: ஒன்றுபோல் தெரியும் இரண்டைப் பிரியுங்கள்

பழைய ஆங்கில ‘இக்’ ஒரே விகுதி மாதிரி தெரிந்தாலும் குறைந்தது இரண்டு விகுதிகள் அதில் வந்து கலந்திருக்கின்றன: ‘அக்’, ‘ஈக்’. (எழுத்தில் ‘க்’; உச்சரிப்பில் அது ‘ய்’ பக்கம் சாய்ந்தது. இன்றைய ஆங்கிலத்தில் வெறும் ‘இ’யாக ஒலிக்கும் ஈறு அதன் மிச்சம்.) ‘ஹாலிக்’ என்பதில் ஆ மாறாமல் இருக்கிறது. ‘ஆன்’ (ஒன்று) மீது வந்த ‘ஏனிக்’ (ஏதேனும்) சொல்லில் ஆ ஏவாகிவிட்டது. ஆகவே முன்னது ‘அக்’, பின்னது இகர விகுதி. பக்கத்துப் பத்தியைப் பாருங்கள்: பழைய உயர்ஜெர்மனில் ‘ஹைலக்’, ‘ஐனீக்’. ஊகம் உறுதியாயிற்று. இதேபோல் மோடிக் (துணிச்சலான) என்பதற்குக் கோதிக்கில் மோடக்ஸ், ஏஅடிக் என்பதற்கு ஔடக்ஸ் (பேறுபெற்ற). கோதிக் மஹ்டீக்ஸ் (வல்லமையுள்ள) ‘ஈக்’ பக்கம்.

இன்றைய ஜெர்மனில்கூட இந்தத் தடம் அழியவில்லை. ப்ளூட் (ரத்தம்) மீது வந்த ப்ளூட்டிக் மாறாமல் நிற்கிறது, ஏனென்றால் பழைய வடிவம் ப்ளுஒடக். க்ராஃப்ட் (வலிமை) மீது வந்தது க்ரெஃப்டிக், ஏனென்றால் அங்கே ‘ஈக்’. ஜெர்மன் வகுப்பில் ‘இதற்கு விதி கிடையாது, மனப்பாடம் பண்ணு’ என்று சொல்லப்படும் இடங்களில் இதுவும் ஒன்று. ஓரளவுக்கு விதி இருக்கிறது, 1,200 வருஷம் பின்னால் போக வேண்டும்.

இங்கே ஒரு பொறி. க்ரேடிக் (பேராசையுள்ள) என்பதில் ஏ இருக்கிறதே, எனவே இகர விகுதி என்று முடிவு கட்டுவீர்கள். கோதிக்கில் அது க்ரேடக்ஸ். அங்கேயும் ஏ, அதுவும் ‘அக்’ விகுதியோடு. பழைய ஆங்கில ஏ இரண்டு வழியில் வரும்: ஒன்று ஆ மாறி, மற்றது மூலத்திலிருந்தே வந்த பழைய ஏ. அதனால் ஏ கண்ட இடத்தில் கோதிக்கைப் பார்க்காமல் பேனாவை எடுக்காதீர்கள்.

‘ஹாலிக்’குக்குக் கோதிக் இணை பைபிளில் தேடினால் கிடைக்காது. அங்கே புனிதத்துக்கு ‘வீஹ்ஸ்’ என்ற வேறு சொல். ஆனால் ருமேனியாவின் பியெத்ரோவாசாவில் 1837இல் கிடைத்த பொன்வளையத்தின் ரூனிக் எழுத்தில் (ஜெர்மானியரின் பழைய பொறிப்பு எழுத்து) ‘ஹைலக்’ என்று வாசிக்க முடிகிறது. பத்தியை அதைக் கொண்டு நிரப்புங்கள்.

படி 5: பொருளைச் சரிபாருங்கள்

ஒரே அடிச்சொல்லில் வெவ்வேறு விகுதி ஏறினால் பொருள் வேறு. கோதிக் ஸ்டைனீன்ஸ் கல்லாலானது. ஸ்டைனஹ்ஸ் கல் நிறைந்தது, மாற்கு 4இல் விதை விழும் கற்பாறை நிலம். பழைய ஆங்கிலத்தில் முறையே ஸ்டேனென், ஸ்டேனிஹ்ட். இரண்டையும் ‘கல்லான’ என்று தமிழில் எழுதிவைத்தால் பின்னால் குழப்பம்தான். ‘ஆல் ஆன’, ‘நிறைந்த’ என்று பிரித்தே எழுதுங்கள். (‘அஹ்’, ‘அக்’ இரண்டும் ஒரே விகுதியின் இரு முகங்கள், மூலத்தில் அழுத்தம் விழுந்த இடம் மாறியதால் மெய் பிரிந்தது.)

‘இஸ்க்’ எங்கிருந்து வந்தது, யாரைச் சேர்ந்தது என்று சொல்லும். கோதிக்கில் மன்னிஸ்க்ஸ் (மனிதருக்குரிய), குடிஸ்க்ஸ் (தெய்வீகமான). பழைய ஆங்கிலத்தில் ‘ஸ்க்’ மென்மையாகி ‘ஷ்’ ஆனது: மென்னிஷ், எங்லிஷ். வெஅல்ஹ் (அயலான்) என்பதிலிருந்து வந்த வீயெலிஷ், இன்றைய வெல்ஷ். நார்ஸில் இகரமே விழுந்து ‘ஸ்க்’ மட்டும் மிஞ்சும், ஆனால் தடம் இருக்கும்: ஈஸ்லண்ட் (ஐஸ்லாந்து) நாட்டுக்குரியது ஈஸ்லென்ஸ்க்ர். இந்த விகுதியின் பிரபலமான பிள்ளை, மக்கள் என்ற ‘தியுட’வில் பிறந்த சொல். கோதிக்கில் ‘தியுடிஸ்கோ’ கலாத்தியர் 2:14இல் ‘புறஜாதியார் முறையில்’ என்ற பொருளில் வருகிறது. 786ஆம் ஆண்டு லத்தீன் அறிக்கை ஒன்றில் இங்கிலாந்து சபைக்கூட்ட முடிவுகள் லத்தீனிலும் ‘தெயோடிஸ்கெ’ மொழியிலும், அதாவது மக்கள் பேச்சிலும், வாசிக்கப்பட்டதாகக் குறிப்பு இருக்கிறது. பழைய உயர்ஜெர்மன் டியுடிஸ்க், இன்றைய டாய்ட்ச். டச்சு என்ற பெயரும் இதுதான்.

தனிச்சொல்லாய் இருந்து விகுதியானவை

தமிழில் ‘ஆன’ ஆகு என்ற வினையிலிருந்தும், ‘அற்ற’ அறு என்ற வினையிலிருந்தும் வந்து விகுதி போல் நிற்கின்றன. ஜெர்மானியத்திலும் அப்படி ஒரு கூட்டம் உண்டு, அதில் பெரியது ‘லீக்’. மேலே சொன்ன உடல் என்ற சொல்தான். இன்னாரின் உருவம் கொண்ட என்று தொடங்கி, இன்னாருக்குரிய என்று தேய்ந்தது. கோதிக்கில் இது கொஞ்ச இடத்தில்தான் வரும்: கலீக்ஸ் (ஒத்த), லியுபலீக்ஸ் (அன்புக்குரிய). பழைய ஆங்கிலத்தில் ‘லீச்’ எதிலும் ஏறும். அதோடு ‘எ’ சேர்ந்தால் வினையடை: ஃப்ரேஒண்ட்லீச் பெயரடை, ஃப்ரேஒண்ட்லீச்செ வினையடை. இன்றைய ஆங்கிலத்தில் இரண்டும் ‘லி’ ஆகிவிட்டதால் பழைய நூல் படிக்கையில் அந்தக் கடைசி எகரத்தைத் தவறவிடாதீர்கள். உடல் என்ற தனிச்சொல்லோ ஐஸ்லாந்தில் ‘லீக்’ என்றும் ஜெர்மனில் ‘லைஹெ’ என்றும் பிணத்தைக் குறிக்கப் போய்விட்டது.

‘இல்லாத’ என்பதற்குக் கோதிக் லௌஸ், பழைய ஆங்கிலம் லேஅஸ், நார்ஸ் லௌஸ்ஸ். தளர்ந்த, விடுபட்ட என்பதே மூலம். பழைய ஆங்கிலத்தில் ‘லேஅஸ்’ தனியாக வந்தால் ‘பொய்யான’ என்றும் பொருள்படும். ஒட்டியா தனித்தா என்று பாருங்கள். மற்றவை சுருக்கமாக: ‘ஸும்’ (வ்யுன்ஸும், இனிமையான, கோதிக்கில் லுஸ்டுஸம்ஸ்), ‘ஃபேஸ்ட்’ (ஸ்டெடெஃபேஸ்ட், இடம் பெயராத), சுமத்தல் வினையிலிருந்து ‘பேரெ’ (வேஸ்ட்ம்பேரெ, பலன் தரும்). கடைசியின் ஜெர்மன் உருவம் ‘பார்’. இன்று அது வினையில் ஏறி ‘இயலும்’ என்ற பொருள் தருகிறது. அந்தப் பொருளைப் பழைய நூல்களுக்குள் திணிக்காதீர்கள்.

தவறாக வெட்டும் இடங்கள்

அதிகம் பிழை நடப்பது ‘ல்’ என்ற எழுத்தில். ஹாலிக் என்பது ஹால் (முழுமையான) + இக். ஹா + லிக் என்று வெட்டினால் அடிச்சொல்லும் இல்லை, விகுதியும் இல்லை. ஸேலிக் (மகிழ்ச்சியான) என்பதும் ஸேல் + இக்தான். இன்றைய ‘ஸில்லி’யின் பாட்டன் அது, பேறுபெற்றவன், அப்பாவி, அசடு என்று படிப்படியாக இறங்கிவிட்டான். நார்ஸில் எதிர்ப்பிழை நடக்கும்: அங்கே ‘லீக்’ தேய்ந்து ‘லிக்ர்’ ஆனதால் ‘இக்ர்’ என்று வெட்டத் தோன்றும். வெட்டியபின் அடிச்சொல் அகராதியில் தனித்து நிற்கிறதா என்று பார்ப்பதே ஒரே மருந்து. பழைய ஆங்கிலத்துக்குப் பாஸ்வொர்த்-டோலர் அகராதி இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.

பயிற்சிக்குப் பத்துப் பெயரடை போதும். மேலே வந்த ஐந்து ‘என்’ சொற்கள், மூன்று ‘இக்’ சொற்கள், இரண்டு ‘இஷ்’ சொற்கள் எடுத்து நாலு பத்தியையும் நிரப்பிப் பாருங்கள். கட்டம் காலியாக இருந்தால் காலியாகவே விடுங்கள். நீங்களாக ஒரு கோதிக் வடிவத்தை உருவாக்கிப் போட்டால் உடுக்குறி கட்டாயம்.

பதினோராவதாக ஒரு கடினமான சொல். டென்மார்க்கின் கல்லஹூஸில் 1734இல் கிடைத்த பொன்கொம்பில், கி.பி. 400ஐ ஒட்டிய ரூனிக் வரி: ‘எக் ஹ்லெவகஸ்டிஸ் ஹொல்டியஸ் ஹொர்ன டவிடோ’. ‘ஹொல்ட்டைச் சேர்ந்த ஹ்லெவகஸ்டிஸ் ஆகிய நான் கொம்பைச் செய்தேன்’ என்று கொள்ளலாம். ஹொல்ட்டின் மகன் என்பாரும் உண்டு. ‘ஸ்’ வேற்றுமை ஈறு, ‘ஹொல்ட்’ அடிச்சொல், நடுவில் நிற்கும் ‘இய’தான் விகுதி. பின்னாளில் இது தேய்ந்து, அடிச்சொல்லின் மாறிய உயிர் தவிர அடையாளமே இல்லாமல் பல சொற்களில் மறைந்துபோனது. கொம்பும் இப்போது இல்லை: 1802இல் திருடி உருக்கிவிட்டார்கள். நாம் படிப்பது அதற்கு முன் எடுத்த வரைபடங்களை வைத்துத்தான்.